மெழுகு தடவிய நூல்

சாலைக் கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கேட்டால் "எந்தக் களிம்புக்கு?" என்கிறார்கள். தைப்பதற்கு என்றேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது. பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு அதே திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் சரணடையும் காட்சி பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக இருக்கிறது. ஆண்டு விழாவில் அதை நடிக்கும் பையனுக்கோ பளபளக்கும் பாலியஸ்டர் கோட்டு, முதுகில் ஜிப் வைத்து! எனக்கு மனசு ஒப்பவில்லை. எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியதே 1846-இல்தான். டிலனாய் கண்மூடியது 1777-இல். அவர் உடுத்திய துணியின் ஒவ்வொரு தையலும் யாரோ ஒருவர் கையால் போட்டது. அந்தக் கைகளின் பெயர் எந்த ஓவியத்திலும் இல்லை.

அதனால் அந்தப் பையனுக்கான கோட்டை நான் கையாலேயே தைக்கிறேன். நூலை மெழுகில் இரண்டு தரம் இழுத்தால் முறுக்குப் பிரியாது, சிக்காது. தோள்பட்டைக்குக் கெட்டித் தையல்: ஊசி ஒரு அடி பின்னால் போய், இரண்டு அடி முன்னால் வரும். காஜாதான் பொறுமையைச் சோதிக்கும். துணியைக் கீறிவிட்டு, வெட்டு விளிம்பில் முடிச்சுக்குப் பக்கத்தில் முடிச்சாக, இடைவெளி தெரியாமல் அடுக்க வேண்டும். ஒன்று கோணினாலும் பிரித்துவிடுகிறேன். விரல் கூடு போட்டும் நடுவிரல் காய்த்துவிட்டது.

முன்பக்கத்தில் இன்னும் ஏழு காஜா பாக்கி.