கொடுத்ததோடு தீருமா?

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். முதல் கடன் கொடுத்தவுடன் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது அவ்வளவு சுலபமாகத் தீருவதில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி தருவதை இதில் எந்தக் கணக்கில் எழுதுவது? தென் அமெரிக்காவிலுள்ள ஒரு சிறிய நாட்டைப் பற்றிப் படித்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது; இன்னும் விடவில்லை.

அந்த நாடு உருகுவே. பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே இருக்கிறது. மொத்த ஜனத்தொகை சுமார் 35 லட்சந்தான். நம் சென்னை நகரத்தைவிடக் குறைவு. ஆனால் ஹோசே பெத்ரோ வரேலா என்ற ஒரு மனிதரின் முயற்சியால், 1877-ஆம் ஆண்டிலேயே அங்கே ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆகிவிட்டது. சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வெள்ளை மேலங்கி அணிந்து, கழுத்தில் நீல ரிப்பனைப் பெரிய முடிச்சாகக் கட்டிக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது புதுச் சட்டையா, ஒட்டுப்போட்ட சட்டையா என்பது பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. இதை நினைத்த மனசு நல்ல மனசு.

அதே மனசுதான் 2007-இல் இன்னொரு காரியத்தையும் செய்தது. புற்றுநோய் மருத்துவராக இருந்து ஜனாதிபதியான டபாரே வாஸ்கெஸ், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி, உபாத்தியாயருக்கு ஒன்று என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அவ்வாண்டு மே மாதம் வில்லா கார்தால் என்ற சிற்றூர்ப் பள்ளியில் அது ஆரம்பமாயிற்று. 2009 முடிவதற்குள் சர்க்கார் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும், மூன்றரை லட்சத்துக்கு மேல், பச்சையும் வெள்ளையுமான சின்னஞ்சிறு கணினி வந்து சேர்ந்துவிட்டது. ஒரு தேசம் முழுவதும் இப்படிக் கொடுத்து முடித்த முதல் நாடுகளில் அதுவும் ஒன்று.

திட்டத்தின் பெயர் சேய்பால். அந்நாட்டின் தேசிய மலரைப் பூக்கும் மரங்கள் நிறைந்த தோப்புக்கும் அதே பெயர். அந்த மரம் நம் கல்யாண முருங்கைக்கு ஒன்றுவிட்ட உறவு. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் வேறு விதமாகவும் ஒலிக்கிறது: சேய்பால், அதாவது குழந்தையினிடத்தில். தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

சரி, கணினி குழந்தையினிடத்தில் போய்ச் சேர்ந்தது. கல்வி போய்ச் சேர்ந்ததா? பொருளாதார ஆராய்ச்சியாளர் சிலர் கணக்குப் பார்த்து 2014-இல் முடிவைச் சொன்னார்கள். கணிதத்திலும் வாசிப்பிலும் பிள்ளைகளின் மதிப்பெண் இதனால் உயரவில்லை. உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கட்டாயமாக இல்லை. வகுப்பில் கணினி பெரும்பாலும் இணையத்தில் தகவல் தேடுவதற்கே பயன்பட்டது. காரணம் இதுவாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

இந்த இடத்தில் இரண்டு கட்சிகள் கிளம்பும். ‘பணம் பாழ்; அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கியிருக்கலாம்’ என்பது ஒரு கட்சி. ‘கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம், படிப்பதும் படிக்காததும் அவரவர் பாடு’ என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதல் கட்சியாரிடம் நான் கேட்பேன்: வெள்ளை மேலங்கி அணிந்ததால் யாருக்காவது கணக்குப் பாடம் வந்ததா? வரவில்லை. அதற்காக அதைப் பாழ் என்று சொல்லுவோமா? தலைநகரத்து வசதிக்காரர் வீட்டில் இருக்கும் பொருள், மாட்டுப் பண்ணையில் கூலி வேலை செய்கிறவனின் மகள் மடியிலும் இருக்கிறது என்றால், அவள் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். நிமிர்ந்த தலைக்கு மதிப்பெண் போடும் பரீட்சை இல்லை.

இரண்டாவது கட்சிதான் ஆபத்தானது. அதன் பேச்சு நியாயம்போலவே இருக்கும். பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அதை எண்ணலாம், கைமாற்றலாம், கையெழுத்து வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கொடுத்தவன் பொறுப்பு அங்கேயே முடிந்துபோனதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. பிள்ளை தப்பாகக் கூட்டுகிறபோது எங்கே தப்பினாள் என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஒருவரை அப்படி எண்ணிக் கொடுத்துவிட முடியாது. அவர் நாளைக்கும் வரவேண்டும், மறுநாளும் வரவேண்டும்.

உருகுவே அந்த மயக்கத்தில் தங்கிவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லை என்ற குறைக்கு 2012-இல் ஒரு வழி கண்டார்கள். வேற்றூரிலோ வேற்று நாட்டிலோ இருக்கும் ஆசிரியர் வாரம் ஒருமுறை திரையில் தோன்றிப் பாடம் நடத்துகிறார். மற்ற வகுப்புகளை, ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத அந்த வகுப்பு உபாத்தியாயரே, பிள்ளைகளோடு சேர்ந்து தாமும் கற்றுக்கொண்டு நடத்துகிறார். யந்திரம் இங்கே மனிதருக்குப் பதிலாக நிற்கவில்லை. ஒரு மனிதரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தமக்குத் தெரியாததைப் பிள்ளைகள் எதிரிலேயே கற்றுக்கொள்கிற உபாத்தியாயரைவிடப் பெரிய பாடம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது?

2020 மார்ச்சில் நோய்க்கு அஞ்சி உலகமெங்கும் பள்ளிகள் மூடியபோது, வீட்டுக்கு வீடு கணினி இருந்த அந்த நாடு மற்றவர்களைவிட நிதானமாக இருந்திருக்கலாம். ஆனால் ஏப்ரல் 22-ஆம் தேதியே கிராமப் பள்ளிகளைத் திறக்க ஆரம்பித்துவிட்டது. அங்கே ஒரு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் சொற்பம் என்பது ஒரு காரணம். கணினியால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்று பதின்மூன்று வருஷம் பழகித் தெரிந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேசங்களின் கதையைச் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராமல் இருப்பது நியாயமல்ல. குழந்தை அழுதால் கைபேசியைக் கையில் கொடுக்கிறோம். கொஞ்சம் வளர்ந்தால், மாதச் சந்தா கட்டி, திரையில் பாடம் சொல்லும் வசதி செய்து தருகிறோம். ‘உனக்கு என்ன குறை வைத்தோம்?’ என்று கேட்கிற உரிமையையும் அதோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். கொடுப்பது தவறல்ல, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுத்த பிறகு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து, ‘இன்றைக்கு என்ன படித்தாய், எனக்கும் கொஞ்சம் சொல்லேன்’ என்று கேட்க நமக்கு மனசு இருக்கிறதா? அதுவும் நாம் பட்டிருக்கும் கடன்தான்.