போர் இல்லாத நாளின் வேலை

1

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் எங்கு நின்றாலும் கொல்லிமலை கண்ணில் படுகிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை. திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. வடக்கே தகடூர், இன்றைய தருமபுரி, பெருஞ்சேரல் இரும்பொறையின் படையிடம் விழுந்தது. கோழிப்பண்ணையும் லாரிப் பட்டறையும் மரவள்ளிக் காடுமாகத் தெரியும் இந்த மண்ணைச் சுற்றி அப்படிச் சில போர்கள் நடந்து முடிந்திருக்கின்றன.

அந்தத் தகடூரிலிருந்து ஒரு தூதும் போயிருக்கிறது. அதன் அரசன் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் போனார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, வரிசையாக வைத்த கருவிகள். எங்கள் அரசனின் வேல்களோ குத்தி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் அவர் பதில் சொன்னதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு வைத்திருக்கிறது.

போரைத் தடுக்கப் போனவரும் ஆயுதத்தைச் சொல்லித்தான் பேச வேண்டியிருந்தது என்பது மனதை உறுத்துகிறது. ஆனாலும் ஒன்றைக் குறித்துக்கொள்கிறேன். அவர் போனது படை புறப்படுவதற்கு முன்னால்.

2

1940. ஐரோப்பாவில் மூண்ட போருக்குள் நம்மைக் கேட்காமலேயே நம்மையும் இழுத்துவிட்டிருந்தது பிரிட்டிஷ் அரசு. யுத்த நிதி வசூல் ஒரு பக்கம், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பு ஒரு பக்கம். அந்தப் போர் முடிவதற்குள் 25 லட்சம் இந்தியர்கள் பட்டாளத்தில் சேர்ந்திருந்தார்கள்.

அக்டோபர் 17 அன்று வார்தாவுக்கு அருகே பவுனாரில் வினோபா பாவே எழுந்து நின்று பேசினார். பிரிட்டிஷாரின் போருக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு, எந்தப் போரையும் அகிம்சையால் எதிர்ப்பதே செய்யத்தக்கது என்பதுதான் சாரம். தனிநபர் சத்தியாக்கிரகம் அப்படித் தொடங்கியது.

அதன் நடைமுறையை அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். கூட்டம் சேர்க்கக் கூடாது. ஒருவர் மட்டும். அவர் பெயருக்குக் காந்தியின் ஒப்புதல் வேண்டும். இந்த நாளில் இந்த இடத்தில் பேசப்போகிறேன் என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு முன்கூட்டியே கடிதம் எழுத வேண்டும். அங்கே போய் நின்று அதைச் சொல்ல வேண்டும். பிடித்தால் சிறை. பிடிக்காவிட்டால் சொல்லிக்கொண்டே அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர், டில்லியைப் பார்த்து நடை. கிறிஸ்துமஸ் வந்தபோது வெள்ளைக்கார அதிகாரிகளின் பண்டிகையைக் கெடுக்க வேண்டாமென்று காந்தி சில நாள் நிறுத்தி வைத்தார். 1941 மே மாதத்துக்குள் 25,000க்கும் மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள்.

கூட்டத்தோடு சேர்ந்து கத்தும்போது குரல் யாருடையது என்று தெரியாது. தனியாகச் சொல்கிறவர் அந்தச் சொற்களைத் தனக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருப்பார், இதை நான் நம்புகிறேனா என்று. ஊருக்கு நடுவில் வந்து நிற்பதற்கு முன்பே அந்தப் போராட்டத்தில் பாதி முடிந்திருக்கும்.

3

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம். ஜமீன்தார் ப. சுப்பராயன் வீடு. ஒருகாலத்தில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர், பிறகு காங்கிரசில் சேர்ந்து ராஜாஜியின் 1937 மந்திரிசபையிலும் இருந்தார். அவருடைய பிள்ளைகளில் ஒருவர் பி. பி. குமாரமங்கலம். பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் பீரங்கிப்படை அதிகாரி. 1942இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனச் சண்டையில் வீரப் பதக்கம் பெற்றார். அங்கேயே பிடிபட்டார். இத்தாலியில் கைதி முகாமிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு, ஜெர்மனியில் அடைபட்டுக் கிடந்தார். 1966 முதல் 1969 வரை சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தலைமைத் தளபதி அவர்தான்.

அவருடைய தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட். அதே போரை ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்த கட்சி. அரசுக்கு எதிரான பிரசுரங்களைப் பரப்பியதாக 1941இல் பி. ராமமூர்த்தி, சி. எஸ். சுப்பிரமணியம், ஆர். உமாநாத் ஆகியோருடன் சென்னைச் சதி வழக்கில் சிக்கினார். அந்த ஜூன் மாதம் ஹிட்லர் சோவியத் நாட்டின் மேல் பாய்ந்தான். ஆண்டு முடிவதற்குள் கட்சி நிலையை மாற்றிக்கொண்டது. ஏகாதிபத்தியப் போர் மக்கள் போராயிற்று.

ஒரே வீடு. அண்ணன் போர்முனையில், தம்பி சிறையில். யார் சரி என்று எழுத வரவில்லை எனக்கு. பாசிசத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவரைத் தவறு என்று சொல்ல மனம் வராது. அடிமை நாட்டின் பிள்ளை ஏன் எசமானுக்காகச் சாக வேண்டும் என்று கேட்டவரையும் தவறு என்று சொல்ல முடியாது. போர் எதிர்ப்பு என்றால் வெள்ளைச் சட்டையும் புறாவும் என்று நினைக்கிறவர்கள் குமாரமங்கலம் வழியாக ஒரு தடவை போய்வரலாம்.

4

ராஜாஜி சேலத்து வக்கீல். 1917இல் சேலம் நகராட்சித் தலைவர். 1925இல் திருச்செங்கோடு வட்டத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதரும் மதுவிலக்குமாக இந்தக் கிராமங்களில் உழைத்தவர்.

1940 ஜூலையில் அவர் கொண்டுவந்த யோசனையைக் காங்கிரஸ் ஏற்றது: டில்லியில் தேசிய அரசு அமையட்டும், போரில் ஒத்துழைக்கிறோம். காந்திக்கு அதில் சம்மதமில்லை, ஒதுங்கினார். பிரிட்டிஷார் ஆகஸ்டில் கையை விரித்தார்கள். டிசம்பரில் அதே ராஜாஜி போருக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் செய்து ஓராண்டுச் சிறைக்குப் போனார். 1942இல் ஜப்பான் வாசலுக்கு வந்ததும் மறுபடி ஒத்துழைப்பைப் பேசி, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சேராமல் காங்கிரசைவிட்டே விலகினார்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அகிம்சையைத் தினசரி வாழ்க்கைக்கு ஏற்றுக்கொண்ட ஒருவர், எல்லைக்கு அதே விதி பொருந்துமா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை வேறு வேறாக வந்தது.

5

இந்தச் சமவெளியில் குண்டு விழுவதில்லை. போர் இங்கே வேறு உருவத்தில் வருகிறது.

சேலத்து ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். போருக்கு முன் அது மலாயாப் பக்கமிருந்து கப்பலில் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, சரக்கு நின்றது. 1943இல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அது. கல்யாணப் பந்தியில் பாயசம் விடும்போது யாரும் சிங்கப்பூரை நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டாம். போர் கெடுத்த இடமும் உண்டு, பிழைப்புக் கொடுத்த இடமும் உண்டு என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. அங்கே கடல் கொதித்தால் இங்கே பண்ணைக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது உலகச் சந்தையில் மக்காச்சோளம் விலை ஏறியது. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம்தான்.

இப்போது இன்னொரு உருவம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் அதில் ஒரு முனை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு லேத் பட்டறையில் நிற்கும் பையனுக்கு அது வேலை. அவனிடம் போய் இந்த உதிரிபாகம் எங்கே பொருத்தப்படும் தெரியுமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கேட்காமல் இருப்பதும் சரியாகப் படவில்லை.

ஆள், பணம் என்று 1940இல் இரண்டைச் சொன்னார்கள். இன்றைக்கு வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

6

திருச்செங்கோட்டில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகிறோம். பெயர்ப்பலகை கிடையாது, தலைவர் கிடையாது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், விசைத்தறி ஓட்டுகிறவர், ரிக் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவர், ஒரு நர்ஸ் அம்மா. ஆகஸ்ட் 6 அன்று மட்டும் ஹிரோஷிமா நாளுக்காக அட்டை எழுதிப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்போம்.

டீக்கடைக்காரர் ஒருதரம் வாத்தியாரைக் கேட்டார்: “ஏனுங் சார், இங்க அட்டையப் புடிச்சு நின்னாப்புல, அங்க குண்டு போடறவன் நிறுத்திப் போடுவானுங்களா?”

“நிறுத்த மாட்டானுங்க” என்றார் வாத்தியார்.

“அப்புறம் எதுக்குங்க?”

வாத்தியார் யோசித்தார். “நாளைக்கு நம்மூர்ல எவனாச்சும் போடணும்னு சொன்னா, வேண்டாம்னு சொல்ல நாலு பேருக்கு வாய் பழகியிருக்கோணுமல்லங்க?”

கடைக்காரர் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டீக்குக் காசு மட்டும் வாங்கவில்லை.

7

பரமத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும். குண்டுச் சத்தத்தை நேரில் கேட்டவர்கள் இந்தச் சமவெளியில் அநேகமாக அவர்கள்தான். அமைதியைப் பற்றிக் கூட்டம் போடும் நாங்கள் அவர்களை அழைத்து மேடையில் உட்கார வைப்பதில்லை. துயரத்தைக் காட்சிக்கு வைப்பதுபோல் ஆகிவிடும். குடியுரிமைச் சிக்கலும் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையும்தான் அவர்களுக்குப் பெரிது. போர் முடிந்த பிறகும் போரின் வேலை முடிவதில்லை என்பதை அந்த விண்ணப்பத் தாள்களில் பார்க்கலாம்.

2008 அக்டோபர் 24 அன்று, இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி, கொட்டும் மழையில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை மனிதச் சங்கிலி நின்றது. 2009 மே மாதம் போர் முடிந்த விதம் நமக்குத் தெரியும். அத்தனை பேர் நின்றும் போர் நிற்கவில்லை. அதை எண்ணி மனம் உடைந்தவர்களை எனக்குத் தெரியும். எரிய ஆரம்பித்த பிறகு ஊரே கூடினாலும் கைக்கு எட்டுவது கொஞ்சம்தான்.

8

1962 செப்டம்பர் 28. வாஷிங்டனில் ஜனாதிபதி கென்னடியின் எதிரே 83 வயது ராஜாஜி உட்கார்ந்திருக்கிறார். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழு. உடன் ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்பது கோரிக்கை. மேல்நாட்டுக்கு அவர் போன முதல் பயணம் அதுதான். ஒரு நாட்டின் பதவி எதுவும் அப்போது அவர் கையில் இல்லை.

மூன்று வாரம் கழித்து கியூபா நெருக்கடியில் உலகம் அணுப்போரின் விளிம்புக்குப் போனது. அதே அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியது. ஊரெல்லாம் பாதுகாப்பு நிதிக்கு நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். அப்போது சோதனையை நிறுத்து என்று யார் பேசியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் நாடும் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு கிழவர் போய்ப் பேசியதால் அது நடந்தது என்று சொல்லமாட்டேன். பல நாடுகளில் பல பேர் பல ஆண்டுகளாகப் பேசியிருந்தார்கள். அவரும் அவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

1940இல் ஒத்துழைப்புக்கும் மறுப்புக்கும் இடையே மாறி மாறி நின்றவர், அணுகுண்டு விஷயத்தில் மட்டும் கடைசிவரை மாறவில்லை. ஒரு பக்கம் நியாயம் இருந்தாலும் அந்த ஆயுதம் நியாயத்தைத் தாங்காது என்று அவர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். அந்தக் கணக்கைப் போட அவருக்குப் பல ஆண்டு அவகாசம் இருந்தது.

9

வாத்தியார் சொன்னதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். போர் தொடங்கிய நாளில் சந்தேகம் கேட்டால் துரோகி. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தபோது தெருக்களில் இனிப்புக் கொடுத்தார்கள். எனக்கு வேண்டாம் என்று கையை மடக்கியவர்களுக்கு அப்போதைக்கப்போது காரணம் சொல்ல வார்த்தை வரவில்லை. யோசிக்கிற வேலையை, சண்டை போட்டுக்கொள்கிற வேலையை, நிலை மாற்றிக்கொள்கிற வேலையைக்கூட, சாதாரண நாட்களில்தான் செய்து வைக்க முடியும். குமாரமங்கலத்து அண்ணன் தம்பிபோல் நாங்களும் வேறு வேறு பக்கம் போகலாம். போனாலும் ஏன் போகிறோம் என்று தெரிந்து போவோம்.

அடுத்த ஞாயிற்றுக்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி: பாதுகாப்பு வழித்தட ஆர்டர் வந்தால் சின்னப் பட்டறைக்காரர் என்ன செய்வது? இந்தத் தடவை பட்டறை வைத்திருப்பவர்கள் இருவரையும், அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கும் ஒரு பையனையும் வரச் சொல்லியிருக்கிறோம். முதலில் அவர்கள் பேசுவார்கள். நாங்கள் கேட்டுக்கொள்வோம்.