எரு பொறுக்கிய பெண்ணின் விவேகம்

வோல்கா நதி காஸ்பியன் கடலில் கலக்கும் பகுதிக்கு மேற்கே, மரங்களற்ற புல்வெளி நெடுந்தூரம் விரிந்து கிடக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவிலிருந்து கால்நடைகளுடன் அங்கு வந்து குடியேறியவர்கள் கல்மிக் மக்கள். மங்கோலிய இனத்தவர், திபெத்திய மரபைச் சார்ந்த பௌத்தர்கள். விடுகதைகளை விடுவிக்கும் அறிவாளிகளை இவர்களது கதைகள் பெரிதும் போற்றுகின்றன. அந்த அறிவாளி அரசவைப் பண்டிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏழை வீட்டுப் பெண்ணாகவும் இருப்பாள்.

தன் மந்தபுத்தி மகனுக்கு மனைவி தேடிப் புறப்படுகிறான் ஓர் அரசன். வழியில் சில பெண்கள் அடுப்பெரிக்க எரு பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். மழை வருகிறது. அனைவரும் ஓடுகிறார்கள், ஒருத்தி மட்டும் தன் மேலங்கியைக் கழற்றி எருவின்மீது போர்த்துகிறாள். காரணம் கேட்டால், நனைந்த துணியை எருவின் தீயில் உலர்த்திக்கொள்ளலாம், நனைந்த எருவை எதைக்கொண்டு உலர்த்துவது என்கிறாள். எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்று கணப்பொழுதில் பிரித்தறிவதையல்லவா நம் முன்னோர் விவேகம் என்றனர்!

அரசன் அவள் தந்தையிடம் காளைப்பாலில் தயிர் தோய்த்து வைக்கும்படி ஆணையிடுகிறான். மறுநாள் வாசலிலேயே அவனைத் தடுத்து, "தந்தைக்குப் பிரசவ வேதனை" என்கிறாள் மகள். ஆண் பிரசவிப்பானா என்று அவன் சினக்க, காளை மட்டும் பால் தருமா என்று கேட்கிறாள். சாமர்த்தியமான பதில்தான். ஆயினும் எருவின்மீது போர்த்திய அங்கியே எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

அவள் மருமகளாகிறாள். பின்னொரு நாள் அரசன் பகைவரிடம் சிறைப்படுகிறான். பச்சைப் பட்டில் படுத்து, நீலப் போர்வை போர்த்தி இன்பமாக இருப்பதாகச் செய்தி அனுப்புகிறான். அனைவரும் மகிழ்கின்றனர். வெறும் புல்தரையில், திறந்த வானத்தின் கீழ் அவன் கிடப்பதை அவள் ஒருத்தியே உணர்கிறாள், படை புறப்படுகிறது. 1943 டிசம்பரில் கல்மிக் மக்கள் அனைவருமே சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1957-இல்தான் தாயகம் திரும்பும் வாய்ப்புக் கிடைத்தது. அத்தகைய மக்களுக்குச் சிறையிலிருந்து வரும் சங்கேதச் செய்தி வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்குமா?

நம் வேதாளக் கதைகளும் திபெத், மங்கோலியா வழியாக இவர்களை அடைந்துள்ளன. 'சித்தி கூர்' என்னும் அத்தொகுப்பின் கல்மிக் மூலம் 1866-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. விக்கிரமாதித்தன் புதிருக்கு விடை சொல்லி வேதாளத்தை இழக்கிறான். இங்கோ புதிரே கிடையாது. குரு நாகார்ஜுனர் விதித்தது மௌனம் ஒன்றே. கதையின் சுவையில் தன்னை மறந்து அரசகுமாரன் வியந்து ஒரு சொல் சொல்லிவிடுகிறான். பிணம் மூட்டையிலிருந்து பறந்துவிடுகிறது. அவன் வந்த வழியே திரும்பி நடக்கிறான்.