மாக்கோழியும் ஈயச் சிப்பாயும்

உயிரில்லாத உருவத்தின்மேல் செய்யும் செயலுக்கு வினைப்பயன் உண்டா என்னும் வினா நம் சமயத்தார்க்குப் புதியதன்று. யசோதர காவியக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மாவினாற் செய்த கோழி என்ற அளவிலேயே அவ்வினா நினைவுக்கு வந்துவிடும். பழைய கதையாகக் கேட்டு அமைந்த அதனை, இன்று நம் இளைஞர்களின் விளையாட்டு மேசைக்கு முன்னே வைத்து ஆராய வேண்டிய தேவை ஏற்பட்டிருக்கிறது.

நமக்கு உறவான ஒரு குடும்பத்துப் பிள்ளை பெங்களூரில் கல்லூரியிற் படிக்கிறான். விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வரும்போதெல்லாம் ஒரு பெட்டியைக் கொண்டு வருகிறான். ஈயக் கலவையிலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்து வண்ணம் தீட்டிய, ஓர் அங்குலத்தைச் சற்றே விஞ்சிய உயரமுள்ள சிப்பாய்கள் அதில் நிறைந்திருக்கின்றனர். அவன் தாய் நம்மிடம் வந்து, "பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கையும் உண்ணாத பிள்ளை, பகலெல்லாம் நூறு நூறு பேரை வீழ்த்திக் களிக்கிறானே அத்தை, இந்தப் பெட்டியை வீட்டில் வைத்திருக்கலாமா?" என்று கேட்டாள். சிரித்துத் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று இது. ஆகவே அப்பிள்ளையையே அருகில் அமர்த்தி, ஆட்டத்தையும் அதன் விதிநூல்களையும் விளக்கச் சொல்லிக் கேட்டோம்.

பச்சைத் துணி விரித்த மேசையின்மீது குன்று, ஓடை, சாலை, சிற்றூர் ஆகியவற்றை அமைக்கின்றனர். நெப்போலியன் காலத்துக் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப்படை ஆகியன இருபுறமும் அணிவகுக்கப்படுகின்றன. ஆடுவோர் முறைவைத்துப் படைகளை நகர்த்துவர்; தூரத்தை அளவுகோலால் அளப்பர். சுட்டால் விளைவது யாது, பாய்ந்தால் பின்வாங்குவது யார் என்பவற்றைப் பகடையும் விதிநூலின் அட்டவணையும் தீர்மானிக்கும்.

எங்கோ ஐரோப்பாவில் நடந்தவை என்று இப்போர்களை ஒதுக்கிவிட இயலாது. 1815ஆம் ஆண்டு வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்துநின்ற வெல்லிங்டன், 1799இல் சீரங்கப்பட்டண முற்றுகையிலே பங்குகொண்டவர். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801ஆம் ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. அதற்கும் முன்னரே, 1755இல், நமக்கு அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலைக் கர்னல் ஹெரானின் படை முற்றுகையிட்டுப் பயனின்றித் திரும்பியது. அக்கோட்டைக்குரிய புலித்தேவர் மறைந்த இடமென்று நம்மூர்க் கோவிலில் ஓர் இடத்தை இன்றும் காட்டுகின்றனர். போர் நம் வாயிலிலேயே நடந்தது. அதனால் அதனை விளையாட்டாக்குவது தகுமா என்னும் கேள்வியும் நம் வாயிற் கேள்வியே ஆகின்றது.

இவ்விளையாட்டு தோன்றிய வரலாறே சிந்திக்கத் தக்கது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படை அதிகாரி, தம் தந்தையார் தொடங்கியதைச் செம்மைப்படுத்தி, 1824இல் ஒரு விதிநூலை வெளியிட்டார். நிலப்படத்தின்மீது உலோகக் கட்டைகளை நகர்த்துவது அவ்வாட்டம். நடுவர் ஒருவர் இருப்பார். ஆடுவோர் தம் கட்டளைகளை அவரிடமே தெரிவிப்பர். தம் படையின் கண்ணுக்குப் புலப்படுவது மட்டுமே அவர்களுக்கும் தெரியும். பிரஷ்ய அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சியாகவே அது வழங்கப்பட்டது. நெப்போலியனை எதிர்த்து 1813இல் தன்னார்வப் படையிற் சேர்ந்து சென்ற ஜெர்மானியர் ஒருவர், பின்னாளில் 1837இல், குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியே கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் யாவரும் அறிந்த புரோபெல் அவரே. விளையாட்டு மனத்தைப் பழக்கும் என்னும் ஒரே உண்மையை ஒருவர் போருக்கும் மற்றவர் கல்விக்கும் பயன்படுத்தினர். பழக்கும் என்பதில் ஐயமில்லை. எதற்குப் பழக்குகிறது என்பதே நாம் காண வேண்டுவது.

இனி மாக்கோழிக்கு வருவோம். யசோதர மன்னன் உயிர்ப்பலி இட மறுத்தான். தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்டமாட்டாமல் மாவினாற் கோழி செய்து வாளால் வெட்டினான். அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல பிறவிகளில் உழன்றனர். அங்கே வெட்டுண்டது மாவே. ஆனால் அம்மா ஓர் உயிருக்கு ஈடாக வைக்கப்பட்டது. கொலையால் கிடைப்பதாகக் கருதிய பயனை அவன் நாடினான். தான் செய்வது பலியே என்னும் எண்ணத்தோடு வாளை ஓங்கினான். ஈடு, பயன், எண்ணம் ஆகிய மூன்றும் கூடியமையால் அது சங்கல்ப ஹிம்சையாயிற்று.

மேசைமுன் நிற்கும் இளைஞனிடம் இம்மூன்றும் உள்ளனவா? ஈயச் சிப்பாய் ஒரு மனிதனுக்கு ஈடாகவே நிற்கிறான். ஆனால் ஆடுபவன் எவருடைய சாவினாலும் வரும் பயனை நாடவில்லை. கொல்கிறோம் என்னும் எண்ணமும் அவனுக்கு இல்லை. ஆகவே யசோதரன் செயலையும் இதனையும் ஒரே தட்டில் வைப்பது நீதியாகாது. அதனால் குற்றமே இல்லை என்று எழுந்துவிடவும் முடியாது. இல்லறத்தார்க்கு உரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றி வினையை ஈட்டாதிருத்தலே அதன் பொருள். பிறர் அழிவை மனத்திற் புனைந்துகொண்டிருக்கும் அபத்தியானமும், வீணே பொழுதும் கவனமும் சிதறும் பிரமாதசரியையும் அவ்விரதம் விலக்குவனவற்றுள் அடங்கும். ஆட்டத்தின்மீது வைக்கத்தக்க குற்றச்சாட்டு இவ்விரண்டே. இவை உண்டா இல்லையா என்பதை விதிநூல்களை ஒப்பிட்டே காண இயலும். மேசையும் பொம்மையும் எல்லா ஆட்டத்திற்கும் பொது. எதனை எண்ணுவது, எதனை விரும்புவது என்று மனத்துக்குக் கற்பிப்பது விதியே.

நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடிய ஆடு புலி ஆட்டத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலியை ஆள்பவர் தாண்டித் தாண்டி ஆடுகளை வெட்டி வெல்லவேண்டும். ஆட்டை ஆள்பவரோ ஒரு புலியையும் வெட்டாமல், அவற்றைச் சூழ்ந்து அசையவொட்டாமற் செய்து வெல்லவேண்டும். கோடுகள் ஒன்றே, காய்களும் அவையே. எந்தப் பக்கம் அமர்கிறோமோ அதற்கேற்ப வெற்றி என்பதன் பொருளே மாறிவிடுகிறது.

நெப்போலியப் போர் விதிநூல்களும் அவ்வாறே வேறுபடுகின்றன. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட சிறு போர்கள் பற்றிய நூல் எல்லாருக்கும் பொதுவான ஓர் எளிய ஆட்டத்தைக் கூறுகிறது. விளையாட்டுப் பீரங்கியிலிருந்து மரக்குச்சியைச் செலுத்தினால், பட்டு விழும் பொம்மை இறந்ததாகக் கொள்ளப்படும். போரை வெறுத்த அவர், உண்மைப் போர் எத்துணை அறிவற்றது என்பதை இவ்வாட்டமே உணர்த்தும் என்று முடித்தார். மறு ஆண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. ஆட்டம் தானாகவே நல்லறிவைத் தந்துவிடும் என்று நம்பியிருக்கலாகாது என்பதற்கு இது சான்றாகும்.

1970களில் புரூஸ் குவாரி என்பவர் எழுதிய விதிகளில் ஒவ்வொரு நாட்டுப் படைக்கும் இயல்புக் குணங்கள் எண்ணாகக் குறிக்கப்பட்டன. இந்நாட்டான் உறுதியுடையவன், அந்நாட்டான் விரைவில் கலைவான் என்று அட்டவணையே கூறிவிடும். இது நமக்கு நெருடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தளபதிகள் நம் நாட்டு மக்களைப் போர்க்குணம் உடையோர், இல்லாதோர் எனப் பிரித்துத் தென்னாட்டாரைப் படையில் சேர்ப்பதைக் குறைத்தனர். ஒரு மக்கட்கூட்டத்தின் மனத்திண்மையை ஓர் எண்ணில் அடக்கும் பழக்கம், விளையாட்டிலே எனினும், நல்லதன்று.

1989இல் வெளிவந்த 'நெப்போலியன்ஸ் பேட்டில்ஸ்' என்னும் விதிநூலில் ஒரு காலாட்படைப் பொம்மை 120 பேருக்கு ஈடு. ஒரு குதிரைவீரன் பொம்மை 80 பேருக்கு ஈடு. சேதத்திற்கு ஏற்பப் பொம்மைகளை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரு விரலால் ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைக்கும்போது 120 பேர் அணியிலிருந்து மறைகின்றனர். பெரும் போரைச் சிறு மேசையில் அடக்க இது தேவையாகலாம். ஆயினும் விரலுக்கு அந்த எண் கனக்காது என்பதை ஆடுவோன் அறிந்திருத்தல் நலம்.

2009இல் ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் எழுதிய 'பிளாக் பவுடர்' வேறு வழியிற் செல்கிறது. அங்கே பொம்மைகள் ஒவ்வொன்றாக எடுக்கப்படுவதில்லை. படைப்பிரிவின் தாங்குதிறனே குறைந்துகொண்டு வருகிறது. தளபதி இட்ட கட்டளை நிறைவேறுமா என்பதற்கும் பகடை உருட்ட வேண்டும். ஒருமுறை படை மும்மடங்கு விரைந்து செல்லும். மறுமுறை நின்ற இடத்திலேயே நிற்கும். 2015இல் சாம் முஸ்தபா எழுதிய 'புளூகர்' இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. இம்முறையில் எத்தனைப் படைகளை இயக்கலாம் என்பதைக் குறிக்கும் பகடையை எதிராளியே உருட்டி மறைத்து வைத்திருப்பார். ஆட்டத்திற்குப் பொம்மைகளும் கட்டாயமில்லை, அட்டைகளே போதும். இவ்விரு நூல்களிலும் முதன்மை பெறுவது கொன்ற கணக்கன்று; சோர்வும், குழப்பமும், நினைத்தது நடவாமையுமே. தன் விருப்பப்படி உலகம் நகராது என்னும் பாடத்தை ஓர் இளைஞன் மாலைதோறும் கற்றால் அதனை அபத்தியானம் என்பது பொருந்தாது.

ஆயினும் எந்த நூலை எடுத்தாலும் மேசையின்மேல் வாராதவை சில உண்டு. வாட்டர்லூவில் ஒரே நாளில் மாண்டோரும் காயமுற்றோருமாக இரு தரப்பிலும் 40,000 பேருக்கு மேல் வீழ்ந்தனர். பல்லாயிரம் குதிரைகளும் மடிந்தன. 1812இல் ரஷ்யாவுக்குள் நெப்போலியன் நடத்திச் சென்ற பெரும்படையில், போர்முனையில் மாண்டவரைவிடப் பசியாலும் நோயாலும் குளிராலும் மாண்டவரே மிகுதி. வாயில்லாக் குதிரைக்கு விதிநூலில் தனி உயிர் இல்லை; ஓடும் வேகம் மட்டுமே உண்டு. மிதிபட்ட வயலுக்குக் கணக்கில்லை. மேசையில் அழகாக வைத்த சிற்றூரின் வீடுகளில் ஒருவரும் குடியிருப்பதில்லை.

இதனை அப்பிள்ளையிடம் கூறி, அவ்வூரில் மக்கள் இருப்பதாக வைத்து ஆடிப்பாரேன் என்றோம். அவன் ஊக்கத்தோடு வீட்டுக்கு ஐந்து புளியங்கொட்டைகளை வைத்தான். ஊருக்குள் சண்டையிடும் தரப்பு, அழியும் கொட்டை ஒன்றுக்கு ஒரு புள்ளி இழக்கும் என்று விதி எழுதினான். அன்று இரு படைகளும் ஊரைச் சுற்றிச் சுற்றியே சென்றன. விளக்கேற்றும் நேரமாகியும் முடிவு தெரியவில்லை. "இப்படி ஆடினால் போரே நடக்காது பாட்டி" என்று குறைப்பட்டான். அவன் தாய் அடக்கமாட்டாமற் சிரித்துவிட்டாள்.

அத்தாய்க்கு நாம் கூறிய விடை இது. பெட்டியை எறிய வேண்டுவதில்லை. போர்க்களத்தை விரித்துப் பாடிய சீவக சிந்தாமணியை இயற்றியவர் நம் துறவியே. அக்காப்பியம் துறவிலே சென்று முடிகிறது. சொல்லும் பொருளைவிட அது மனத்தை எங்கே கொண்டுசேர்க்கிறது என்பதே பெரிது. ஆதலின் மூன்றை மட்டும் கேட்டுக்கொள்ளச் சொன்னோம். தோற்றவன் வருந்தும்போது வென்றவன் மனம் இனிக்கிறதா? எடுத்து வைத்த பொம்மைகளை ஆட்களாகப் பெருக்கிப் பார்த்து அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? படிப்பும் நோன்பும் வீட்டு வேலையும் குறையாமல் ஆட்டம் தன் வரம்புக்குள் நிற்கிறதா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்கும்வரை அஃது ஒரு விளையாட்டே. கிடைக்காத நாளில் எந்த விதிநூலும் காப்பாற்றாது.

விதிகள் எவ்வளவு செய்யும், எங்கே நின்றுவிடும் என்பதை ஆதிபுராணமே நமக்குக் காட்டியிருக்கிறது. பரதனும் பாகுபலியும் படைகளோடு எதிர்நின்றபோது, வீரர் மடிவது வேண்டாவென அமைச்சர்கள் கருதி, உடன்பிறந்தார் இருவர் மட்டுமே பொருவதாகத் திட்டம் செய்தனர். பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என்பன அவற்றின் பெயர். அன்று இரு படைகளிலும் ஓர் உயிரும் போகவில்லை. அதுவரை விதி வென்றது. மூன்றிலும் தோற்ற பரதன், சினம் மேலிட்டு, உடன்பாட்டை மறந்து சக்கரத்தை ஏவினான். அச்சக்கரம் பாகுபலிக்கு ஊறு செய்யவில்லை. ஆயினும் வெற்றியின் உருவத்தைத் தமையன் முகத்திலே கண்ட பாகுபலி, வென்ற நாட்டை அங்கேயே விட்டுத் தவம் மேற்கொண்டான்.

சங்கரன்கோவிலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலைப் பாறையில் கொடி படர நிற்கும் பாகுபலியின் திருவுருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, போரை நிறுத்தியது விதி, வெல்லும் ஆசையை நிறுத்தியது அவர் மனம் என்று எடுத்துரைப்போமாக.