மடையும் மருந்தும்: பசி அடங்கிய உடலும் விருந்தின் அறமும்

உடலெடையைக் குறைப்பதற்காக வாரத்துக்கு ஒருமுறை தோலின்கீழ் ஏற்றிக்கொள்ளும் ஊசி மருந்துகள் பரவத் தொடங்கியபின், உண்டி பற்றிய பழைய சமய வினா ஒன்று புதிய உருவெடுத்திருக்கிறது. நாவை அடக்குவது தவத்தின் முதற்படி என்று சமயங்கள் பலவும் சொல்லிவந்திருக்க, அடக்கம் எதையும் பயிலாத ஒருவரின் நா ஒரு மருந்தினால் தானே அடங்கிவிடுமாயின் அந்த அடக்கத்துக்கு என்ன பெறுமதி என்பது அவ்வினாவின் ஒரு பாதி. மறுபாதி விருந்தைப் பற்றியது: பசியில்லாதவர் பந்தியில் அமர்ந்து, படைத்ததில் நான்கு கவளம் மட்டும் உண்டு எழுவது விருந்தை ஏற்றதாகுமா, மறுத்ததாகுமா? முதற்பாதியை மெய்யியலார் பேசுவர். இரண்டாம் பாதியைப் பேசுபவர்கள் பெரும்பாலும் சமைத்தவர்களே.

இவ்விரண்டாம் பாதி கூர்மையாக எழக்கூடிய இடங்களுள் மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபுறமும் ஒன்று. வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ-15 வீதியில், காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில், கடலையும் களப்பையும் அண்டி அமைந்த சிற்றூர் மாங்கேணி. நிர்வாக முறையில் அது வாகரை எனப்படும் கோறளைப்பற்று வடக்குப் பிரிவைச் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும், 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் போரினால் ஏற்பட்ட பெரும் இடப்பெயர்வையும் கண்ட வாகரைக் கரையில், நிவாரண அரிசிக்காக வரிசையில் நின்றவர்களின் நினைவு இன்னும் பழையதாகிவிடவில்லை. அத்தகைய ஊருக்கு இலண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் ஒருவர், குளிர்ப்பெட்டியில் ஐஸ் சுற்றிய ஊசிப் பேனையோடு வந்திறங்கி, களப்பு இறாலும் நண்டும் சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் பரிமாறப்படும் பந்தியில் அமர்கிறார் என்று கொள்வோம். போதும் என்று அவர் இலைக்குமேல் கையை விரித்தால், விரல்களின் இடுக்கில் சோறு விழும். “என்ன மனே, கறி புடிக்கல்லையா?” என்ற கேள்வியும் கூடவே விழும். அக்கேள்வி கறியைப் பற்றியதன்று என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

மருந்தின் இயல்பைச் சுருக்கமாக அறிவது இங்கு வேண்டும். உணவு குடலை அடைந்ததும் ஜிஎல்பி-1 என்னும் சுரப்பு வெளிப்பட்டு, இன்சுலின் சுரப்பதைத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, போதும் என்ற செய்தியை மூளைக்கு உணர்த்துகிறது. உடலில் இயல்பாகத் தோன்றும் இச்சுரப்பு சில நிமிடங்களில் சிதைந்துபோக, அதைப் போல நடிக்கும் செமாகுளூடைட் என்னும் மருந்து ஏறத்தாழ ஒரு வாரம் சென்றபின்னும் பாதியளவு உடலில் எஞ்சியிருக்கும். ஓசெம்பிக், வெகோவி என்ற வணிகப் பெயர்களில் விற்கப்படுவது இதுவே. மவுஞ்சாரோ என்பது இன்னொரு குடற்சுரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்யும் டிர்செபடைட். 2021இல் வெளியான ஆய்வொன்றில் 68 வாரங்கள் செமாகுளூடைட் ஏற்றியவர்கள் சராசரியாக உடலெடையில் 14.9 வீதத்தை இழந்தனர். 2022இல் வெளியான மற்றொன்றில் டிர்செபடைட்டின் உச்ச அளவு 72 வாரங்களில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது. தெற்காசியர் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாகின்றனர் என்பதால், உடல்நிறைச் சுட்டெண் 25ஐ எட்டும்வரை காத்திராமல் 23லிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சுட்டிக்காட்டியிருந்தது. ஆகவே இம்மருந்தை அழகுக்கான ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

எனினும் மெய்யியலுக்கு உரிய செய்தி எடைக் கணக்கில் இல்லை. மருந்தை எடுப்போர் பலர் தெரிவிப்பது வேறொன்று: நாள் முழுவதும் மனத்தின் அடியில் ஓடிக்கொண்டிருந்த உணவு பற்றிய எண்ணம், அடுத்து எதை உண்பது, அடுக்களையில் என்ன மீதமிருக்கிறது என்ற ஓயாத இரைச்சல், சில வாரங்களில் நின்றுபோகிறது. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 59ஆம் சுலோகம் இவ்விடத்தில் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. உண்ணாதிருப்பவனை விட்டுப் புலன்நுகர் பொருள்கள் விலகிப்போகும், ஆனால் அவற்றின்மீதுள்ள சுவைப்பற்று விலகாது, பரம்பொருளைக் கண்டபின்னரே அதுவும் விலகும் என்பது அதன் கருத்து. விரதம் பொருளை அகற்றிப் பற்றை விட்டுவைக்கிறதென்றால், ஊசி அதைத் தலைகீழாகச் செய்கிறது: இறாற்குழம்பு இலையிலேயே இருக்கிறது, அதன்மீதிருந்த இழுவை மட்டும் காணாமற்போகிறது. ஞானியருக்குக் கடைசியில் வாய்ப்பது என்று சொல்லப்பட்டது, சில வாரங்களில், ஞானம் எதுவும் இன்றி வாய்த்துவிட்டதா?

சைவ சித்தாந்தம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த நெறியின்படி, உயிரைப் பிணிக்கும் மலங்கள் மூன்று: உயிரின் அறிவை மறைத்து ‘தான்’ என்ற செருக்கில் நிறுத்தும் ஆணவம், வினையாகிய கன்மம், உலகுக்கு மூலப்பொருளாகிய மாயை. உடல், மனம் முதலிய கருவிகள், வாழும் உலகம், நுகரும் பொருள்கள் ஆகிய நான்கும், தனு, கரணம், புவனம், போகம் என்று நூல்கள் கூறும் பெயர்களில், மாயையிலிருந்து உண்டாக்கப்பட்டு உயிருக்குத் தரப்பட்டவை. ஆணவம் முதிர்ந்து கழலும்வரை உயிர் தன் வினையை நுகர்ந்து தீர்ப்பதற்கு இவை துணை. பசியும் உணவைத் தேடும் மனமும் கரணத்தின் நிகழ்ச்சிகள். மருந்து தொடுவது கரணத்தை. ஆணவம் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. கண்ணாடி அணிந்தவரின் பார்வை திருந்துவதைப் போன்றே ஊசி ஏற்றியவரின் பசியும் திருந்துகிறது, அவ்வளவே. இன்ப துன்பங்களை ஒப்ப நோக்கும் பக்குவத்தைச் சித்தாந்தம் இருவினையொப்பு என்று போற்றும். ஊசியின் அமைதி வெளித்தோற்றத்தில் அதை ஒத்திருந்தாலும், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று மேற்சொன்ன முதல் ஆய்வின் தொடர்ச்சி காட்டியதை நினைத்தால், இரண்டையும் ஒன்றெனக் கருத இடமில்லை. மருந்து உறங்கவைத்ததை மருந்தின் விலகல் எழுப்பிவிடுகிறது.

இவ்விடை இருபுறமும் வெட்டும். ஊசியால் மெலிந்தவர் தம்மை அடக்கமுடையவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றால், பிறப்பிலேயே பசி குறைந்த ஒருவரும் தம் மெலிவைக் காட்டிப் பருத்தவரை நகைக்க முடியாது. அவருக்கும் வாய்த்தது கரணத்தின் அமைப்பே. இச்சைகளோடு போராடி வெல்பவனையும், மிகையான இச்சையே எழாதவனையும் வேறுபடுத்தி, பின்னவனையே உண்மையான நிதானமுடையவன் என்று அரிஸ்டாட்டில் கொண்டார். ஆயினும் அந்நிலை நற்பழக்கத்தால் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை; ஆகவே அவர் கணக்கிலும் ஊசி நற்குணம் ஆகாது, பிறவிப் பசியின்மையும் நற்குணம் ஆகாது.

பெரும்பசியை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்க்காத மனப்பாங்கு தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை, எவ்வளவு உண்டாலும் தணியாத யானைத்தீ என்னும் நோயால் வருந்துபவள். முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியை அறியாது சிதைத்ததனால் வந்த சாபம் அது. காப்பியம் அவளைப் பெருந்தீனிக்காரி என்று இகழவில்லை. அமுதசுரபியின் சோற்றை ஒரு கைப்பிடியளவு தந்து நோயைத் தீர்த்துவைக்கிறது. ஒரு பிடி உணவில் பசி அடங்கிவிட்டது என்பதற்காக அவளுடைய விடுதலை போலியானது என்று எந்த உரையாசிரியரும் வழக்காடியதாகத் தெரியவில்லை. திருக்குறளும் மருந்து என்ற அதிகாரத்தில் பெரும்பகுதியை மருந்துக்கு ஒதுக்காமல், முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதற்கே ஒதுக்கியிருக்கிறது. செரித்ததா இல்லையா என்று அறிவிக்கும் உணர்வே பழுதுபட்டவருக்கு என்ன வழி என்பது அவ்வதிகாரம் எழுப்பாதுவிட்ட கேள்வி. அவ்வுணர்வைச் சரிசெய்யும் மருந்து, குறள் சொன்ன அளவறிதலுக்குத் துணைநிற்பதாகவே கொள்ளத்தகும்.

விருந்தின் பக்கம் வந்தால் நிலைமை சற்றுச் சிக்கலாகிறது. மோந்தால் வாடும் அனிச்சத்தைக் காட்டி, முகம் வேறுபட்டு நோக்கினாலே விருந்தினர் வாடுவர் என்று குறள் விருந்தோம்புவோரை எச்சரிக்கிறது. இன்றைய பந்தியில் வாடுவது பெரும்பாலும் சமைத்தவரின் முகம். விடியற்காலையில் எழுந்து தேங்காய் துருவி, நண்டை உடைத்து, விறகடுப்பின் முன் வியர்த்தவர், தம் அன்பை அளக்க வேறு அளவுகோல் வைத்திருக்கவில்லை. எத்தனை கரண்டி ஏற்கப்பட்டது என்பதே அவருக்குக் கிடைக்கும் மறுமொழி. ஆனால் அன்பை இவ்வாறு அளப்பது வசதியான வழக்கமே தவிர அறமன்று. இரைப்பை மெதுவாகக் காலியாகும் ஒருவருக்குக் கொழுப்பு மிகுந்த உணவை வற்புறுத்தித் திணித்தால் விளைவது குமட்டலும் வாந்தியும்; அது உபசரிப்பு எனும் பெயரில் இழைக்கும் துன்பம்.

இச்சிக்கலுக்கான தீர்வு மட்டக்களப்பு வழிபாட்டிலேயே இருக்கிறது. இப்பகுதியில் அம்மன் கோயில்களின் ஆண்டு விழா சடங்கு எனப்படும். வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் கதவு திறந்து தொடங்கும் சடங்கு திருக்குளிர்த்தியோடு நிறைவுறும். தெய்வத்தின்முன் பொங்கலும் பழமும் பாக்கு வெற்றிலையுமாகப் பரப்பிவைக்கும் படையலுக்கு மடை என்று பெயர். எல்லா விருந்துகளிலும் முதலில் உபசரிக்கப்படும் அந்த விருந்தாளி ஒரு பருக்கையும் உண்பதில்லை. மடையில் ஏன் எதுவும் குறையவில்லை என்று அம்மனிடம் எவரும் மனத்தாங்கல் கொண்டதில்லை. குறையாமல் திரும்பியதே பிரசாதமாகி, சிறு சிறு பங்குகளாகக் கைகளுக்குப் போகிறது. (கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி புல்லுண்டதாக ஊரார் சொல்லும் கதை விதிவிலக்கு, அங்கேயும் அது உண்டது பசிக்காக அன்று, நம்பாத அந்நியனுக்குப் பதில் சொல்வதற்காக.) அவ்வாறாயின் படைத்தலுக்கும் ஏற்றலுக்கும் பசி இன்றியமையாததன்று என்பதை இம்மக்கள் ஒவ்வொரு சடங்கிலும் ஒப்புக்கொண்டே வருகின்றனர். விரல்நுனியளவு திருநீறும் ஒரு கைப்பிடிப் பொங்கலும் முழுமையான பேறு என்றால், வீட்டுப் பந்தியில் ஒரு கரண்டிச் சோறு மட்டும் ஏன் அரைகுறையாக வேண்டும்?

விரதத்தைப் பற்றிய ஐயம் தனித்து நிற்கிறது. பசியே எழாத உடலோடு ஆறு நாட் கந்தசஷ்டியையோ இருபத்தொரு நாட் கேதாரகௌரியையோ நோற்பது நோன்பாகுமா என்றால், நோன்பின் உயிர் சங்கல்பத்தில், அதாவது இதை இன்னாருக்காக ஏற்கிறேன் என்ற மனத்துணிவில் இருப்பதால், நோன்பு ஆகும் என்பதே விடை. ஆனால் எளிதாகிவிட்ட ஒன்றை விட்டதற்குப் பெருமை கொள்ளாது, கைத்தொலைபேசியையோ புறங்கூறுதலையோ கூடச் சேர்த்து விடுவது நேர்மை. அயலூர்களான ஓட்டமாவடி, வாழைச்சேனை முஸ்லிம்களிடையே நோன்பு நாளில் ஊசி ஏற்றலாமா என்ற கேள்வி எழுமானால், ஊட்டமளிக்காத, தோலிலோ தசையிலோ ஏற்றும் ஊசி நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி 1997இல் ஜித்தாவில் கூடித் தீர்மானித்திருக்கிறது. எம்மதத்தவராயினும் இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் வேறு மாத்திரைகளோ சேர்த்து எடுப்பவர், நோன்புக்கு முன் வைத்தியரைக் கேட்பது கட்டாயம். சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும்.

திருமண வாரத்துக்காகவோ பாசிக்குடா விடுதியின் பஃபேக்காகவோ ஊசியை ஒரு வாரம் தவிர்த்து, வேட்கையை வேண்டுமென்றே திரும்ப அழைக்கும் வழக்கமும் ஆராயத்தக்கது. மருந்தியல் இதற்கு அதிகம் இடங்கொடுப்பதில்லை: ஒரு வாரம் தவறினாலும் செமாகுளூடைட்டின் பாதி உடலில் நிற்பதால் பழைய பசி முழுதாய் வராது, பல வாரங்கள் விட்டால் சிலருக்குக் குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்க நேரிடும். மெய்யியலும் இதை ஆதரிக்கவில்லை. போகம் உயிருக்குத் தரப்பட்டது என்று சித்தாந்தம் கூறும்போது, அது நுகர்வைத் தடுக்கவும் இல்லை, நுகர்வை அளவோடு ஒன்றாக்கவும் இல்லை. மச்சாளின் கேலியும், மாமியின் கைமணமும், கடற்காற்றில் முற்றத்துப் பாயில் நீளும் கதையும் நுகர்ச்சியே. இவற்றுக்கு இரைப்பை காலியாக இருக்க வேண்டியதில்லை. மிகுதியாய் உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுவதில் இரண்டாம் பகுதியும் இங்கு நினைக்கத்தக்கது. பசி இல்லை என்று பந்திக்கே வராமலிருப்பதும் ஒருவகைப் பிசகு.

ஆகவே ஊசி ஏற்றியவரின் கடமை பந்தியில் அமர்வது, சிறிதளவு ஏற்பது, முன்கூட்டியே சமைப்பவரிடம் சொல்லிவைப்பது, பக்கத்து இலைகள் முடியுமுன் எழாதிருப்பது. பரிமாறுபவரின் கடமை அதைவிடச் சிறியது. அடுத்த சடங்குக்கு மாங்கேணிக்கு வரும் உறவினர் ஒரு கரண்டி போதும் என்றால், காரணம் கேளாமல் அந்த ஒரு கரண்டியை நிறைவாகப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குச் செல்லுங்கள்.