கடலடியும் மலைமுடியும்

லடாக்கின் லே நகரில், பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில், பெர்டினாண்ட் ஸ்டோலிச்காவுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. காரகோரம் கணவாயைக் கடந்து திரும்பும் வழியில், முர்கோ என்ற இடத்தில், 1874 ஜூன் 19 அன்று அவர் இறந்துபோனார். வயது 36. அரியலூரிலும் பெரம்பலூரிலும் பள்ளிப் பிள்ளைகள்கூட அவர் பெயரை அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் மண்ணுக்குள் ஒரு கடல் உறைந்து கிடப்பதை உலகத்துக்கு விரிவாக எழுதிக் காட்டியவர் அவர்.

இன்று செக் குடியரசில் இருக்கும் மொராவியாவில் பிறந்து, வியன்னாவில் படித்தவர். 1862-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேரக் கல்கத்தாவுக்கு வந்தார். அதற்குச் சற்று முன்புதான் ஹென்றி பிளான்ஃபோர்டும் உடன் பணியாற்றியவர்களும் ஊட்டத்தூர், அரியலூர் பக்கமெல்லாம் வெயிலில் அலைந்து, கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் சேகரித்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வகை பிரித்து, பெயர் சூட்டி எழுதும் வேலையின் பெரும்பகுதி ஸ்டோலிச்காவிடம் வந்தது. 1873 வரை தொடர்ந்து தொகுதி தொகுதியாக வெளியான அந்த வேலையைத் தொடாமல் இன்றும் அரியலூர்ப் புதைபடிவங்களைப் பற்றி எவரும் ஆய்வு செய்துவிட முடியாது.

இதே மனிதர்தான் 1864-லும் 1865-லும் இமயத்தின் ஸ்பிதிப் பகுதிக்கு ஏறிப் போனார். மூச்சு முட்டும் அந்த உயரத்துப் பாறைகளிலும் அவர் கண்டவை கடலுயிர்களின் எச்சங்கள். கணவாய்களைக் கடந்தவர்கள் பலர். காலடிக் கல்லைக் குனிந்து பார்த்தவர்கள் சிலர். அவர் அந்தச் சிலரில் ஒருவர்.

இமயம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததற்கு நம் வீட்டுப் பூஜையறையிலும் சாட்சி உண்டு. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம், அம்மோனைட் என்ற கடலுயிரின் சுருளைத் தாங்கிய கல். வயதான பெற்றோரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, 3,700 மீட்டருக்கு மேலே இருக்கும் முக்திநாத்துக்குத் தமிழ்க் குடும்பங்கள் போய்வருகின்றன. சாளக்கிராமத்தில் இருக்கும் அதே உயிரினத்தின் உறவுக்காரர்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் செம்மண் ஓடைகளில் மழைக்குப் பிறகு வெளியே தெரிகிறார்கள். கடல் வேறு, காலமும் வேறு. ஒன்றின் தரை இமயமாக எழுந்தது. இன்னொன்றின் தரை நாம் பருத்தி விதைக்கும் மேட்டுக்காடாக நின்றுவிட்டது.

எவரெஸ்டின் உச்சிப் பாறையும் கடலடிச் சுண்ணாம்புக்கல்தான். 1953-இல் டென்சிங்கும் ஹிலாரியும் 8,849 மீட்டர் உயரத்தில் கால் பதித்தது ஓர் ஆழமற்ற கடலின் அடித்தளத்தில். அந்த உச்சியைக் குனிய வைத்துவிட்டதாக மனிதர் பேசும் பேச்சு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மலை யாருக்கும் போட்டியாக நிற்கவில்லை. நிலம் இரு பக்கமும் நெருக்கியதால் எழுந்தது; மழையும் பனியும் அரித்து ஒருநாள் இறக்கிவிடும். உயரம் அதற்கு ஒரு பருவம், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள இமயம்வரை போகவும் வேண்டியதில்லை. பச்சைமலையின் கிழக்குச் சரிவில் ஏறுங்கள். ஏறத்தாழ 1,000 மீட்டர்தான் உயரம், ஆனாலும் பங்குனி வெயிலில் தொடை நடுங்கும். நாம் சாதனை என்று நினைக்கும் அந்த ஏற்றத்தை, பலாப்பழத்தைத் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் அன்றாட வழியாகவே நடந்திருக்கிறார்கள். மேலே போய்க் கிழக்கே பாருங்கள். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் திசையில் கடல். இன்றைய பெரம்பலூர்ப் பக்கத்துப் பாறை நிலமே அதன் மேற்குக் கரை. கரையில் வளர்ந்த மரம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டு, மணலில் புதைந்து, சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமாகக் கிடக்கிறது; 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை வெளிக்கொணர்ந்தார். மேற்குக் கரையின் பழைய பாறைகள் தேய்ந்த மணல்தான் அந்தக் கடலின் அடியில் படிந்தது. மருதையாறு இன்றும் பச்சைமலையின் மண்ணைக் கரைத்து, அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மலை இறங்கிக்கொண்டே இருக்கிறது, நாம்தான் ஏறுகிறோம்.

ஸ்டோலிச்காவை மலை பழிவாங்கியது என்று சொல்லத் தோன்றலாம். அப்படியில்லை. அவர் உயிரைப் பறித்தது உயரமாகவே இருக்க வேண்டும். காரகோரம் கணவாயைப் போன்ற 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் பாதிதான். கல்லுக்கு அந்த உயரத்தை எட்டக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. மனித உடலுக்குச் சில வாரங்கள்கூடக் கிடைப்பதில்லை. தலைவலியும் மூச்சுத்திணறலும் வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும் என்பது இன்று மலையேறும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம். ஸ்டோலிச்காவின் பயணக் குழுவுக்கு அது இத்தனை தெளிவாகத் தெரிந்திருக்க வழியில்லை.

மேலே போனால் பெரியவராகிவிடுவோம் என்று நினைத்து ஏறுகிறோம். போய்ச் சேர்ந்த பிறகு, நின்ற இடமே ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது என்று தெரியவருகிறது. அதைத் தெரிந்துகொண்டவரால் கீழே இருப்பவரை இளக்காரமாகப் பார்க்க முடியாது. மலையேற்றம் தரக்கூடிய பெரிய அறிவு அதுதான் என்று நான் நம்புகிறேன்.

அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை வெட்டுகிறார்கள். அது பலருக்குப் பிழைப்பு, தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் காரை ஓடைகளும் சாத்தனூர்க் கல்மரமும் திரும்ப உருவாகாதவை. இமயத்துக்குப் போகிறவர்கள் அதற்கு முன் ஒருமுறை அரியலூரை அடுத்த வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். காரைக்குப் போனால், பார்த்த கல்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.