நோயாளியின் நம்பிக்கையும் வணிகரின் பண்டமும்

இயற்கையில் விளைந்தது எதுவும் தீங்கு செய்யாது என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. புற்றுநோய்க்கு வைத்தியசாலையிற் சிகிச்சை பெறுவோர் பலர், அதனோடு மூலிகைக் குடிநீரையும் சூரணங்களையும் விற்றமின் குளிகைகளையும் உட்கொள்கின்றனர். வைத்தியரிடம் அதனை மறைப்போரும் உளர். இவர்களை அறியாமையின் பிள்ளைகள் என இகழ்ந்துவிடல் எளிது. ஆனால், அது நியாயமாகுமா?

முதலில் ‘இயற்கை’ என்ற சொல்லை நோக்குவோம். வேலியோரத்து மஞ்சள் அலரியின் விதை உயிரைக் கொல்லும். முற்றத்துப் பட்டிப்பூவோ உயிரைக் காக்கும் மருந்துகளைத் தந்தது. அதன் இலைக்கசாயம் நீரிழிவைத் தணிக்கும் என்ற நாட்டு வழக்கைச் சோதிக்கப் புகுந்த கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டனர். 1958இல் வெளிப்பட்ட அவ்வாய்வின் பயனே வின்பிளாஸ்ரீன். அதே செடியினின்று பெறப்பட்ட வின்கிறிஸ்ரீன் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படுகிறது. இவ்விரண்டும் இயற்கையின் படைப்பே. எது நஞ்சு, எது மருந்து என்பதைச் சோதனையே பிரித்துக் காட்டுகிறது. மக்களின் பழைய அறிவை மெய்யாக மதிப்பவன் அதனைச் சோதனைக்கு உட்படுத்தவே விரும்புவான்.

சோதியாது நம்பினால் நேர்வதையும் அறிவோம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடையே நடைபெற்று 1994இல் வெளியான ஆய்வில், காய்கறிகளில் உள்ள பீற்றா கரோட்டினைக் குளிகையாக உண்டோரிடம் நுரையீரற் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. ஐரோப்பியர் மனச்சோர்வுக்கு உண்ணும் சென் ஜோன்ஸ் வோட் என்னும் மூலிகை, ஈரலின் நொதியங்களைத் தூண்டி, இரினோற்றிகான் என்ற புற்றுநோய் மருந்தின் செயற்படு பொருளை இரத்தத்தில் 42 சதவீதம் குறைத்ததென 2002இல் அறியப்பட்டது. துணையென்று சேர்த்தது மருந்தையே அழித்தது!

இத்தனைக்கும் பின் நோயாளி ஏன் இவற்றை நாடுகிறான்? வைத்தியசாலைக் கட்டிலில் அவன் உடல் பிறர் கைக்குள் இருக்கிறது. தன் உயிருக்காகத் தானும் ஒன்று செய்ய வேண்டுமென அவன் துடிக்கிறான். அவன் மனைவியும் தாயும் அவ்வாறே துடிக்கின்றனர். இத்துடிப்பு மதிப்பிற்குரியது. அதனை அளந்து விலை குறிப்பவனே குற்றவாளி. அப்பிரிக்கொட் விதையிலிருந்து பெற்ற லேற்றிறில் அமெரிக்காவில் இவ்வாறே விற்கப்பட்டது. 178 நோயாளருக்கு அதனைக் கொடுத்து நடத்திய ஆய்வு 1982இல் வெளிவந்தது. ஒருவரும் குணமடையவில்லை, சிலரின் இரத்தத்தில் சயனைட் ஆபத்தான அளவை எட்டியிருந்தது.

சாகும் தறுவாயில் உள்ளவனின் நம்பிக்கையைப் பறிக்கலாமா என்று கேட்பர். உண்மையை அறிந்து ஒருவன் தெரிந்தெடுக்கும் வழியைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. உண்மையை மறைத்து அவனைத் தெரிந்தெடுக்கச் செய்வதோ அவன் உரிமையையே பறிப்பதாகும். எனவே, சான்று காட்டும் பொறுப்பு விற்பவனுடையது. அதனைக் கேட்டு வாங்கும் கடமை அரசினுடையது. வைத்தியரும் ஏளனமின்றி, “வேறு என்ன உட்கொள்கிறீர்கள்?” என வினவுதல் வேண்டும். ஏளனத்துக்கு அஞ்சியே பலர் மறைக்கின்றனர்.

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். ஆயினும் ஓர் ஏழைக் குடும்பம் சூரணப் புட்டிக்காக நகையை அடகு வைக்குமாயின், அந்தப் பணம் நோயாளி உண்ண வேண்டிய பாலிலும் முட்டையிலும் இருந்தே கழிகிறது.